சென்னையில் தெரிந்த சிறு குச்சி

1903 ஜூன் 17. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடந்த ஒரு சிறுவனின் வீங்கிய மண்ணீரலில் ஊசி செலுத்திச் சிறிது குருதி எடுத்தார் மருத்துவர் சார்லஸ் டொனோவன். அதைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது மிகச்சிறிய முட்டை வடிவ உடலங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு நிறப் புள்ளிகள் இருந்தன. ஒன்று பெரியது, உருண்டையானது. மற்றொன்று சிறியது, குச்சி வடிவிலானது.

உருண்டை, செல்லின் உட்கரு. குச்சி எதற்காக இருக்கிறது? அதற்கு ஓரளவு நிறைவான விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. இந்த உடலங்கள் உண்டாக்கும் காலா அசார் நோயின் மருத்துவ வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த அத்தியாயம் அந்தக் குச்சியை மட்டும் பின்தொடர்கிறது. உயிருலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத டி.என்.ஏ. நகலெடுக்கும் ஏற்பாடு ஒன்று அதற்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

டொனோவனுக்கு முன்பே இந்த உடலங்களைப் பார்த்த ஒருவர் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணியாற்றி, நோயோடு இங்கிலாந்து திரும்பிய ஒரு படைவீரர் 1900-இல் நெட்லி இராணுவ மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மண்ணீரலைச் சோதித்த வில்லியம் லீஷ்மன் இதே புள்ளிகளைக் கண்டார். என்னவென்று விளங்காததால் உடனே அதைப் பற்றி எழுதவில்லை. பிறகு, கால்நடைகளின் நாகானா நோய் தொற்றி இறந்து இரண்டு நாள் கிடந்த ஒரு வெள்ளை எலியைச் சோதித்தபோது, அந்நோயின் ஒட்டுண்ணிகளான ட்ரிபனோசோம்கள், அழுகிக்கொண்டிருந்த நிலையில், அதே உருவத்தில் தெரிந்தன. அவற்றிலும் உருண்டையும் குச்சியும் இருந்தன. டம்டம் வீரரின் உடலில் இருந்தவை சிதைந்த ட்ரிபனோசோம்களே என்று முடிவுக்கு வந்த லீஷ்மன், 1903 மே மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியிட்டார். உயிரோடு இருக்கும் சிறுவனிடமே அவற்றைக் கண்ட டொனோவனின் செய்தி ஜூலையில் வந்தது. இறந்தபின் சிதைந்ததால் வந்த உருவம் என்ற வாதத்துக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று.

டொனோவன் சில தகடுகளைப் பாரிசிலிருந்த ஒட்டுண்ணியியலாளர் லவரானுக்கு அனுப்பினார். லவரானும் அவருடைய சகா மெஸ்னிலும் அவற்றில் கண்ட உடலங்களை வேறோர் ஒட்டுண்ணிக் குடும்பத்தில் சேர்த்துப் பெயரிட்டார்கள். மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் அதை ஏற்கவில்லை. இது புதிய பேரினம் என்று சொல்லி, கண்டவர் இருவரின் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டொனோவனி என்று பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் இந்த உடலங்களை வளர்ப்புக் கரைசலில் வளர்த்தபோது, அவை நீண்டு, கசையிழை முளைத்து நீந்தத் தொடங்கின. லீஷ்மன் முழுக்கத் தவறிவிடவில்லை என்று அப்போது தெரிந்தது. லீஷ்மேனியாவும் ட்ரிபனோசோமும் ஒரே குலத்தவை. அந்தக் குலத்தின் அடையாளமே குச்சிதான். கசையிழை முளைக்கும் இடத்தை ஒட்டியே அது எப்போதும் இருந்ததால், செல்லின் அசைவுக்குப் பொறுப்பான உறுப்பு என்று பலர் கருதினார்கள். கைனட்டோபிளாஸ்ட் என்ற பெயர் வந்ததும் அந்த எண்ணத்தால்தான்.

1924-இல் ராபர்ட் ஃபாயில்கன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் டி.என்.ஏ.வை மட்டும் சிவப்பூதா நிறமாக்கும் ஒரு சோதனையை அறிவித்தார். அதே ஆண்டில் ப்ரெஸ்லாவும் ஸ்க்ரெமினும் அதை ட்ரிபனோசோம்களில் செய்து பார்த்தார்கள். உட்கரு நிறமேறியது. குச்சியும் நிறமேறியது. உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. இருக்கிறது என்பதற்கு அறிவியலில் கிடைத்த முதல் சான்று அதுதான். கோழிக்கருவின் மைட்டோகாண்ட்ரியாவில் டி.என்.ஏ. இழைகளை மின்னணு நுண்ணோக்கி காட்டியது 1963-இல். அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுக்கு முன்பே ஓர் ஒட்டுண்ணியில் இது தெரிந்திருந்தும் பாடநூல்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்பதே அன்று நிறுவப்பட்டிருக்கவில்லை. ஒட்டுண்ணியியலாளரும் மரபியலாளரும் வெவ்வேறு இதழ்களைப் படித்துக்கொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

1960-களில் மின்னணு நுண்ணோக்கி குச்சியின் இருப்பிடத்தைத் தெளிவாக்கியது. ட்ரிபனோசோமில் செல்லின் நீளமெங்கும் ஓடும் ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா உண்டு. குச்சி அதற்குள் இருந்தது. உண்மையில் அது பக்கவாட்டில் பார்க்கப்பட்ட வட்டத்தகடு. 1969-இல் ரியூ, டெலான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் சாகஸ் நோயை உண்டாக்கும் ட்ரிபனோசோமிலிருந்து அந்த டி.என்.ஏ.வைப் பிரித்துப் படமெடுத்தார்கள். சின்னஞ்சிறு வட்டங்கள், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. மனித மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது 16,569 எழுத்துகள் கொண்ட வட்டம். அதன் பிரதிகள் ஒன்றையொன்று சாராமல் இருக்கும். இங்கே ஒரே வலையில் ஆயிரக்கணக்கான சிறுவட்டங்களும் சில பத்துப் பெருவட்டங்களும் பிணைந்திருந்தன. பழங்காலப் போர்வீரர்கள் அணிந்த இரும்பு வளையக் கவசத்தைப் போன்ற பின்னல் அது. கொசுவின் குடலில் வாழும் கிரித்திடியா என்ற உறவினத்தில் ஒவ்வொரு சிறுவட்டமும் சராசரியாக மூன்று அண்டை வட்டங்களோடு கோத்திருக்கிறது என்று 1995-இல் கணக்கிட்டார்கள்.

இந்த வலையை எப்படி நகலெடுப்பது? செல் பிரியும்போது இரண்டு மகவுகளுக்கும் ஒவ்வொரு முழு வலை வேண்டும். வட்டங்கள் கோத்த நிலையில் இருக்கும்போது நகலெடுத்தால் புதியதும் பழையதும் சிக்கிக்கொள்ளும். எந்த வட்டம் நகலெடுக்கப்பட்டது, எது இன்னும் இல்லை என்ற கணக்கும் தவறக்கூடாது.

இக்கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பால் இங்லண்ட். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியை, அதாவது டி.என்.ஏ. பாலிமரேஸை, 1956-இல் எ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்து 1959-இல் நோபல் பெற்றவர் ஆர்தர் கோர்ன்பெர்க். ஸ்டான்ஃபோர்டில் அவருடைய ஆய்வகத்தில் அந்த நொதியைப் பயின்ற இங்லண்ட், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் ஒட்டுண்ணிகளின் பக்கம் திரும்பினார். ஆய்வுக்கு அவர் தேர்ந்தது கிரித்திடியா. அது மனிதரைத் தொற்றாது, குடுவையில் லிட்டர் கணக்கில் வளரும். கொடிய நோய்க்கிருமிகளைப் பற்றிய அடிப்படை அறிவில் பெரும்பகுதி இந்தத் தீங்கற்ற கொசு ஒட்டுண்ணியிலிருந்தே வந்தது. ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதுகிறவர்களும் அதை வழங்குகிறவர்களும் இதை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

1978, 1979-இல் இங்லண்ட் சொன்ன விடை வியப்பானது. வட்டங்கள் வலைக்குள் இருந்தபடி நகலெடுக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றாக வலையிலிருந்து கழற்றப்படுகின்றன. கழற்றுவது டோபோஐசோமரேஸ் என்ற நொதி. அது ஒரு வட்டத்தின் இரண்டு இழைகளையும் வெட்டி, இன்னொரு வட்டத்தை அந்த இடைவெளி வழியே வெளியேற்றி, வெட்டை மறுபடி மூடுகிறது. விடுபட்ட வட்டம் வலைக்கும் கசையிழையின் அடிக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் நகலெடுக்கப்படுகிறது. அதற்குத் தொடக்க இடமாக எல்லாச் சிறுவட்டங்களிலும் 12 எழுத்துள்ள ஒரே தொடர் உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை ஜெருசலேமில் ஜோசப் ஷ்லோமையின் குழு கண்டறிந்தது. நகல்கள் வலையின் எதிரெதிர் ஓரங்களிலுள்ள இரண்டு மையங்களுக்குப் போய் அங்கே வலையோடு கோக்கப்படுகின்றன. வலை நடுவிலிருந்து தேய்ந்து ஓரங்களிலிருந்து வளர்கிறது.

கணக்கு வைப்பதற்கும் ஏற்பாடு இருந்தது. நகலான வட்டத்தின் இழையில் ஓர் இடைவெளியாவது மூடப்படாமல் விடப்படுகிறது. இடைவெளி இருந்தால் அது நகலெடுத்து முடித்த வட்டம், திரும்பக் கழற்ற வேண்டியதில்லை. எல்லா வட்டங்களும் இந்தக் குறியைப் பெற்றபின்தான் இடைவெளிகள் நிரப்பப்பட்டு, இருமடங்கான வலை இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த வலைகளை இழுத்துச் செல்வது கசையிழையின் அடிப்பகுதி. 1991-இல் ராபின்சனும் கீத் கல்லும் இதைக் காட்டினார்கள். குச்சி கசையிழையை ஒட்டியே இருந்ததன் காரணம் இதுதான்.

கலிஃபோர்னியாவில் டான் ரேயின் ஆய்வகம் 1988-இல் டோபோஐசோமரேஸ் நொதிக்கு ஒளிரும் எதிர்ப்பொருள் செலுத்தி அதன் இருப்பிடத்தைப் பார்த்தது. வலையின் இரு ஓரங்களிலும் இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. நகலெடுக்கும் வேலை செல்லுக்குள் இடம் குறித்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் காட்டிய படம் அது.

இவ்வளவு சிரமம் ஏன் என்று கேட்கலாம். அதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னேயின் குழு, பெருவட்டத்திலுள்ள ஒரு மரபணுவையும் அதிலிருந்து வந்த ஆர்.என்.ஏ.வையும் ஒப்பிட்டது. டி.என்.ஏ.வில் இல்லாத நான்கு ‘யு’ எழுத்துகள் ஆர்.என்.ஏ.வில் இருந்தன. செல் தானாகவே அவற்றை இடையில் நுழைத்திருந்தது. தொடர்ந்து வந்த எடுத்துக்காட்டுகள் இன்னும் திகைக்கவைத்தன. தூக்க நோய் ஒட்டுண்ணியான ட்ரிபனோசோமின் ஓர் ஆர்.என்.ஏ.வில் 547 ‘யு’க்கள் சேர்க்கப்பட்டு 41 நீக்கப்படுகின்றன, முடிந்த செய்தியில் பாதிக்கு மேல் மரபணுவில் எழுதப்படாதது. எங்கே சேர்க்க வேண்டும், எங்கே நீக்க வேண்டும் என்று வழிகாட்டும் சிறு ஆர்.என்.ஏ.க்களை 1990-இல் லாரி சிம்ப்சனின் ஆய்வகம் கண்டறிந்தது. அந்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை சிறுவட்டங்களில்தான் எழுதப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான வட்டங்களும் ஒன்றின் நகல்கள் அல்ல. தூக்க நோய் ஒட்டுண்ணியில் அவை நூற்றுக்கணக்கான வகைகள். ஏதேனும் ஒரு வகை நகலெடுக்கத் தவறிப் படிப்படியாக மறைந்தால், ஒரு புரதத்தின் செய்தியைத் திருத்தும் வழியே அற்றுப்போகும்.

நகலெடுக்கும் நொதி எது? 1990-களில் இங்லண்டின் ஆய்வகம் கிரித்திடியாவின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்தெடுத்தது பாலிமரேஸ் பீட்டா வகையைச் சேர்ந்தது. பாலூட்டிகளில் அந்த வகை உட்கருவில் இருந்து டி.என்.ஏ. பழுதுகளைச் சரிபார்க்கும் சிறிய நொதி. நீண்ட வட்டத்தைத் தொடக்கம் முதல் எழுதி முடிக்க அதனால் இயலாது. இடைவெளிகளை நிரப்பத்தான் அது பொருத்தம். அப்படியானால் வட்டத்தை எழுதுவது வேறொன்றாக இருக்க வேண்டும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவில் அந்த வேலையின் முதன்மைப் பொறுப்பு பாலிமரேஸ் காமா என்ற ஒரே நொதியினுடையது. பூஞ்சைகளிலும் விலங்குகளிலும் அதே குடும்பம்தான். ட்ரிபனோசோமின் மரபணு வரிசை படிப்படியாக வெளிவந்தபோது அதில் காமாவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, பாக்டீரியாவின் பாலிமரேஸ் I குடும்பத்தைச் சேர்ந்த நான்கு மரபணுக்கள் இருந்தன. கோர்ன்பெர்க்கின் ஆய்வகத்தில் இங்லண்ட் இளமையில் பயின்ற அதே நொதிக் குடும்பம்! 2002-இல் மிஷேல் கிளிங்பீல், மோட்டிகா, இங்லண்ட் மூவரும் மாலிக்யுலர் செல் இதழில் வெளியிட்ட கட்டுரை நான்கையும் அறிவித்தது. அவற்றுக்கு ஐஏ, ஐபி, ஐசி, ஐடி என்று பெயரிட்டார்கள். நான்குமே மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தன. பீட்டா வகையிலும் இரண்டு இருப்பது உறுதியானது. ஒரே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆறு பாலிமரேஸ்கள்.

இத்தனையில் எது இன்றியமையாதது? அதை அறிய வழி அப்போதுதான் திறந்திருந்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் மௌனமாக்கும் முறை ட்ரிபனோசோமில் வேலை செய்வதை 1998-இல் காட்டியிருந்தார்கள். வளர்ப்புக் கரைசலில் டெட்ராசைக்ளின் சேர்த்தால் மரபணு அடங்கிவிடும் வகையில் ஒட்டுண்ணிகளை உருவாக்கினார்கள். ஐபியை அடக்கியபோது வலை சுருங்கியது, பல செல்களில் காணாமலே போயிற்று, வளர்ச்சி நின்றது. ஐசியை அடக்கியபோதும் அப்படியே. பிறகு கிளிங்பீல் மாசச்சூசெட்ஸில் தம் சொந்த ஆய்வகத்தில் ஐடியை அடக்கினார். அதிலும் அதே அழிவு. ஒன்று இல்லாதபோது மற்றொன்று அதன் இடத்தை நிரப்பவில்லை. குடும்பத்தால் ஒன்றாயினும் வேலையால் வேறு என்பதே இதன் பொருள். ஐடியின் நடமாட்டம் குறிப்பிடத்தக்கது. சாதாரண வேளையில் அது மைட்டோகாண்ட்ரியா முழுக்கப் பரவியிருக்கிறது. நகலெடுக்கும் நேரம் வந்ததும் வலையின் இரு ஓர மையங்களிலும் வந்து கூடுகிறது. வேலை முடிந்ததும் பழையபடி கலைந்து பரவுகிறது.

பாலிமரேஸ்களோடு கதை முடியவில்லை. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ்கள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆறு. அவற்றில் ஒன்று பெருவட்டங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது என்று 2009-இல் தெரிந்தது. தொடக்கத் துண்டு எழுதும் பிரைமேஸ்கள் இரண்டு, வெட்டுகளை ஒட்டும் லிகேஸ்களும் இரண்டு. மலேரியா ஒட்டுண்ணி இதற்கு நேரெதிர். அதன் அபிகோபிளாஸ்ட் என்ற உறுப்பிலுள்ள 35,000 எழுத்து வட்டத்தை நகலெடுக்க, பிரைமேஸ், ஹெலிகேஸ், பாலிமரேஸ் மூன்றையும் ஒரே நீண்ட புரதச் சங்கிலியாக அது வைத்திருக்கிறது. அந்தக் கதை தனி அத்தியாயம் கேட்கிறது.

டோபோஐசோமரேஸ் I என்ற வகையைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு இந்தியாவிலிருந்தும் வந்தது. மனிதனில் அது ஒற்றைப் புரதம். லீஷ்மேனியா டொனோவனியில் அதன் இரு பகுதிகளும் இரண்டு தனி மரபணுக்களில் எழுதப்பட்டு, பிறகு சேர்ந்து ஒரு நொதியாகின்றன. ஸ்பெயினிலும் கொல்கத்தா இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் ஹேமந்த மஜும்தாரின் குழுவிலும் 2003, 2004-இல் இது தெளிவானது. மனித நொதியைத் தொடாமல் ஒட்டுண்ணியுடையதை மட்டும் முடக்க இடமுண்டு என்ற நம்பிக்கையை இந்த வேறுபாடு தந்தது.

நோயைக் கண்டறிவதில் குச்சி ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது. ஓர் ஒட்டுண்ணியிலேயே ஆயிரக்கணக்கான சிறுவட்டங்கள் இருப்பதால், அவற்றின் பொதுத் தொடரைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை மிகக் குறைந்த எண்ணிக்கையிலுள்ள ஒட்டுண்ணிகளையும் காட்டிவிடும். காலா அசாருக்கும் சாகஸ் நோய்க்கும் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

மருந்துகளின் வரலாறு இன்னும் பழையது. சில சாயங்களை ஏற்றிய எலிகளில் ட்ரிபனோசோம்கள் குச்சியை இழந்துவிடுவதை வெர்பிட்ஸ்கி 1910-லேயே கண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் கால்நடைகளின் நாகானா நோய்க்கு 1950-கள் முதல் தரப்பட்ட ஹோமிடியம், ஆய்வகங்களில் டி.என்.ஏ.வை ஒளிரச்செய்யப் பயன்படும் எதிடியம் புரோமைடுதான். அது ஒட்டுண்ணியை எப்படிக் கொல்கிறது என்று 2010 வரை யாரும் திட்டமாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு அர்னாப் ராய் சௌத்ரி, இங்லண்ட் முதலானோர் காட்டியது இது: மருந்து சிறுவட்டங்களில் நுழைந்து அவற்றை முறுக்கிவிடுகிறது, முறுகிய வட்டத்தில் நகலெடுத்தல் தொடங்கவே முடிவதில்லை. நொதிகளின் வேலையைத் தடுத்து மாடுகளைக் காத்த மருந்து அரை நூற்றாண்டாகக் கையில் இருந்திருக்கிறது, காரணம் மட்டும் தெரியாமல்.

ஆனால் குச்சியின்றியே வாழக் கற்ற ஒட்டுண்ணியும் உண்டு. 1880-இல் தேரா இஸ்மாயில் கானில், சர்ரா நோயால் மடிந்துகொண்டிருந்த குதிரைகள், ஒட்டகங்களின் குருதியில் கிரிஃபித் எவான்ஸ் கண்ட ட்ரிபனோசோமா எவான்சியில் பெருவட்டம் கிடையாது. சில வகைகளில் வலையே இல்லை. தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் உடலில் வாழ வலையின் மரபணுக்கள் தேவை. எவான்சி அந்த ஈயை விட்டுவிட்டு, கடிக்கும் பிற ஈக்களின் வாயில் ஒட்டிய குருதி வழியாகவே விலங்குக்கு விலங்கு தாவுகிறது. அதனால்தான் செட்சி ஈ இல்லாத இந்தியாவிலும் இந்நோய் இருக்கிறது. குருதியில் வாழும் ட்ரிபனோசோமுக்குப் பெருவட்டத்திலிருந்து வேண்டியது முக்கியமாக ஏ.டி.பி. தயாரிக்கும் நொதியின் ஒரு பகுதி மட்டுமே. அந்நொதியின் வேறொரு பகுதியில், உட்கருவில் எழுதப்பட்ட ஒற்றை அமினோ அமிலம் மாறினால் அந்தத் தேவையும் நீங்கிவிடுகிறது. எடின்பரோவில் ஷ்னாஃபரின் குழு 2013-இல் இதே மாற்றத்தைத் தூக்க நோய் ஒட்டுண்ணியில் செய்து காட்டியது. அவ்வொட்டுண்ணிகள் வலையை முற்றிலும் இழந்தபின்னும் பெருகின. அடுத்த ஆண்டு, அவை எதிடியம் உள்ளிட்ட பல மருந்துகளைத் தாங்குவதும் தெரிந்தது.

ஆகவே குருதியில் வாழும் ட்ரிபனோசோமுக்கு எதிராக நகலெடுக்கும் நொதிகளை மட்டும் குறிவைக்கும் மருந்தைத் தேடுவோர் இந்த ஒற்றை அமினோ அமில மாற்றத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லீஷ்மேனியாவின் நிலை வேறு. பல்லியில் வாழும் லீஷ்மேனியா இனம் ஒன்றில் சிம்ப்சன் 1968-இலேயே அக்ரிஃபிளேவின் சாயத்தால் குச்சியை அழித்துப் பார்த்தார். குச்சியை இழந்த செல்கள் சில தலைமுறைகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. சுவாசத்துக்கான நொதிகள் அவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். காலா அசார் ஒட்டுண்ணிக்கு எதிராக இந்தப் பாலிமரேஸ்கள் இன்னும் வலுவான இலக்காகவே இருக்கின்றன. அவற்றுக்கென்றே வடிவமைத்த மருந்து எதுவும் இதுவரை நோயாளியின் கைக்கு வந்துசேரவில்லை.

(தொடரும்)